ஒரே குரல், இரண்டு கதாநாயகர்கள்: டி.எம். சௌந்தரராஜன் பாட்டு எப்படி வேலை செய்தது?

மறைந்த பாடகர்களின் குரலைக் கணினிக்குப் பழக்கி, அவர்கள் பாடாத பாட்டைப் பாடவைக்கும் துண்டுகள் இப்போது இணையத்தில் நிறையச் சுற்றுகின்றன. டி.எம். சௌந்தரராஜன் குரலில் அப்படி ஒன்று வந்தால் கேட்பவர்களுக்கு ஒரு குழப்பம் வருகிறது. இது எந்த டி.எம்.எஸ்.? எம்.ஜி.ஆருக்குப் பாடியவரா, சிவாஜிக்குப் பாடியவரா? இரண்டில் எதிலும் சேராமல் ஒலித்தால், குரல் எவ்வளவு ஒத்துப்போனாலும் "இது அவர் இல்லை" என்று தோன்றிவிடுகிறது.

ஒரு மனிதருக்குத் தொண்டை ஒன்றுதான். நம் காதில் மட்டும் அது ஏன் இரண்டாகப் பதிந்திருக்கிறது? இதற்குப் பதில் தேடினால், அவர் எப்படி உச்சிக்குப் போனார் என்பதோடு, 1980 வாக்கில் அவருக்குப் பட வாய்ப்பு ஏன் வற்றியது என்பதும் புரியும். என் பார்வையில் இரண்டுக்கும் காரணம் ஒன்றே. அவர் குரல் இரண்டு முகங்களோடு கட்டப்பட்டிருந்தது.

முதலில், பின்னணி என்றால் என்ன?

1930-களில் தமிழில் பேசும்படம் வந்தபோது, நடிகர் கேமரா முன் நின்று அங்கேயே பாடியாக வேண்டும். ஆர்மோனியமும் தபேலாவும் வாசிப்பவர்கள் கேமராவின் கண்ணில் படாத இடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். பாட்டும் படமும் ஒன்றாகவே பதிவாகும். பாடத் தெரியாதவர் கதாநாயகனாக வர வழியே இல்லை. எம்.கே. தியாகராஜ பாகவதரும் பி.யு. சின்னப்பாவும் நட்சத்திரங்கள் ஆனது இந்த ஏற்பாட்டில்தான்.

இவர்கள் நாடக மேடையிலிருந்து வந்தவர்கள். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசை வரை கேட்கப் பாடிப் பழகிய மேடை அது. அதனால் சுருதி உயரத்தில் இருக்கும். நம் ஊரில் சுருதியைக் 'கட்டை' என்று சொல்வது ஆர்மோனியக் கட்டைகளை வைத்துத்தான்: ஒரு கட்டை என்றால் மேற்கத்திய முறையில் 'சி', ஐந்து கட்டை என்றால் 'ஜி'. பெரும்பாலான ஆண்களுக்கு ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டையே வசதியானது. பழைய நாடகப் பாடகர்கள் நான்கு, ஐந்து கட்டையில் நின்று பாடினார்கள். ஆண் குரல் என்றால் இப்படி ஓங்கி ஒலிக்க வேண்டும் என்பது தமிழ் ரசிகர் காதில் அப்படித்தான் ஏறியது.

பின்னணி என்பது ஒருவர் நடிக்க, இன்னொருவர் குரல் கொடுப்பது. பாட்டைத் தனியாக ஒலிப்பதிவு செய்து, படப்பிடிப்பில் அதை ஒலிக்கவிட, நடிகர் வாயசைப்பார். தமிழில் இதன் தொடக்கமாக ஏ.வி. மெய்யப்பனின் 'நந்தகுமார்' (1938) படத்தைச் சொல்வார்கள். அதில் லலிதா வெங்கட்ராமன் குரல் கொடுத்தார். ஆனாலும் அடுத்த பத்தாண்டு வரை பாடி நடிப்பவர்களுக்கே மவுசு. நிலைமை மாற ஒரு கொலை வழக்கும் ஒரு அரசியல் அலையும் வர வேண்டியிருந்தது.

காலியான இடம்

1944 தீபாவளிக்குப் பாகவதரின் 'ஹரிதாஸ்' வெளியானது. சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளி கண்ட படம். ஆனால் அதே ஆண்டு டிசம்பரிலேயே பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதர் கைது செய்யப்பட்டார். அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போன வழக்கு, மறுவிசாரணைக்குப் பிறகு 1947-இல் விடுதலையில் முடிந்தது. பாகவதர் வெளியே வந்தார், பழைய இடம் கிடைக்கவில்லை. சின்னப்பா 1951-இல் காலமானார்.

இந்த இடைவெளியில் வந்தவர்தான் மதுரைக்காரரான சௌந்தரராஜன். 1922 மார்ச் 24-இல் சௌராஷ்டிரக் குடும்பத்தில் பிறந்தவர். காரைக்குடி ராஜாமணி ஐயங்காரிடம் கர்நாடக இசை கற்றுக் கச்சேரி செய்துகொண்டிருந்தார். பாகவதர் பாட்டை அப்படியே பாடுவார் என்பதே அவருடைய முதல் அடையாளம். முதல் பட வாய்ப்பும் அதை வைத்தே வந்தது. 'ஹரிதாஸ்' படத்தை இயக்கிய சுந்தர்ராவ் நட்கர்னி, கோவை சென்ட்ரல் ஸ்டூடியோவில் 'கிருஷ்ண விஜயம்' எடுத்தபோது அவரைப் பாடவைத்தார். 1946-இல் பதிவான பாட்டு, 1950-இல் படம் வந்தபோதுதான் வெளியே கேட்டது. அதைக் கேட்டால் பாகவதரின் நிழல் முழுதாக விழுந்திருப்பது தெரியும்.

அது மட்டுமே கைவசம் இருந்திருந்தால் இன்னொரு நகலாக அவர் மறந்துபோயிருப்பார். காப்பாற்றியது காலமாற்றம். திராவிட இயக்க எழுத்தாளர்கள் சினிமாவுக்கு வந்த பிறகு படத்தின் உயிர் பாட்டிலிருந்து வசனத்துக்கு நகர்ந்தது. 'பராசக்தி' (1952) அந்த மாற்றத்தின் பெரிய அடையாளம். வசனம் பேசத் தெரிந்த, சண்டை போடத் தெரிந்த, ஆனால் பாடாத நடிகர்கள் கதாநாயகர்களானார்கள். ரசிகருக்கோ பாகவதர் காலத்துக் கம்பீரக் குரல் இன்னும் தேவைப்பட்டது. நடிகரிடம் இல்லாத அந்தக் குரலை வேறொருவர் தர வேண்டியதாயிற்று.

1954: ஒரே ஆண்டில் இரண்டு கதவுகள்

அதுவரை சிவாஜிக்கு முக்கியமாகப் பாடியவர் சி.எஸ். ஜெயராமன். 'தூக்குத் தூக்கி' (1954) படத்துக்கு இசையமைப்பாளர் ஜி. ராமநாதன் டி.எம்.எஸ்ஸைக் கொண்டுவந்தார். சிவாஜிக்கு முதலில் தயக்கம் இருந்ததாகவும், சில பாடல்களைக் கேட்டுப் பார்த்த பிறகே ஒப்புக்கொண்டதாகவும் சொல்லப்படுகிறது. அதே ஆண்டு 'மலைக்கள்ளன்' வந்தது. எஸ்.எம். சுப்பையா நாயுடு இசையில் எம்.ஜி.ஆருக்காக டி.எம்.எஸ். பாடிய 'எத்தனை காலம்தான் ஏமாற்றுவார்' ஊரெல்லாம் ஒலித்தது.

உடனே எல்லாம் அவர் கைக்கு வந்துவிடவில்லை. 1960-களின் தொடக்கம் வரை எம்.ஜி.ஆருக்குச் சீர்காழி கோவிந்தராஜனும் பி.பி. ஸ்ரீநிவாஸும்கூடப் பாடினார்கள். ஜெமினி கணேசனுக்கு முதலில் ஏ.எம். ராஜா, அப்புறம் பி.பி.எஸ். என்று மென்மையான குரல்கள் பொருந்தின. விஸ்வநாதன் - ராமமூர்த்தி இசையும் கண்ணதாசன் வரிகளும் சேர்ந்த 1961-இல் 'பாவ மன்னிப்பு', 'பாசமலர்', 'பாலும் பழமும்' என்று வரிசையாக வந்தபோது, சிவாஜி வாயிலிருந்து வேறு குரல் வந்தால் ஒட்டாது என்ற நிலை உருவானது. எம்.ஜி.ஆருக்கு அந்த நிலை அடுத்த சில ஆண்டுகளில் வந்தது.

குரலை மாற்றினாரா, வேறு எதை மாற்றினார்?

"சிவாஜிக்கு அடிவயிற்றிலிருந்து, எம்.ஜி.ஆருக்கு மூக்கிலிருந்து" என்று ஒரு விளக்கம் ரொம்ப நாளாக நடமாடுகிறது. அது பாதி உண்மை. ஒலி எங்கிருந்து கிளம்புகிறது என்பது ஒரு கூறு மட்டுமே. கூர்ந்து கேட்டால் நான்கு விஷயங்கள் சேர்ந்து வேலை செய்வது தெரிகிறது.

1. உச்சரிப்பின் அழுத்தம். சிவாஜிக்கான பாட்டில் மெய்யெழுத்து ஓங்கி விழும். வல்லின ஒற்றில் ஒரு கணம் நின்று அடுத்த எழுத்துக்குப் போவார். வசனத்தில் சிவாஜி செய்வதும் இதுவே. எம்.ஜி.ஆருக்கான பாட்டில் உயிரெழுத்து நீளும். சொற்கள் ஒன்றோடொன்று வழுக்கிச் செல்லும்.

2. மூச்சு. சிவாஜி பாட்டில் மூச்சு வாங்குவது கேட்கும். கேட்க வேண்டும் என்றே விட்டிருப்பார். விம்மல், பெருமூச்சு, சொல்லின் நடுவே ஒரு முறிவு எல்லாம் உண்டு. எம்.ஜி.ஆர். பாட்டில் மூச்சு மறைந்திருக்கும். களைப்பே தெரியாத ஆள் ஒருவன் நடந்துகொண்டே பாடுவது போலிருக்கும்.

3. சங்கதி. சங்கதி என்பது ஒரே வரியைத் திரும்பப் பாடும்போது செய்யும் இசை மாற்றம். சிவாஜிக்குக் கமகமும் (சுரத்தை அசைத்துப் பாடுவது) சங்கதியும் தாராளமாக வரும். எம்.ஜி.ஆருக்கு மெட்டு நேர்கோட்டில் போகும். கேட்பவர் உடனே சேர்ந்து பாட முடியும். இது இசையமைப்பாளரின் முடிவும்தான். மெட்டே அப்படி அமைந்தது என்பதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை.

4. வரிகளின் வேலை. எம்.ஜி.ஆர். பாட்டு பெரும்பாலும் எதிரில் இருப்பவருக்குச் சொல்வது: தம்பிக்கு, ஏழைக்கு, ஊருக்கு. சிவாஜி பாட்டு பல நேரம் தனக்குள் பேசுவது: விதியோடு, கடவுளோடு, செத்துப்போனவரோடு. முன்னிலை மாறினால் குரலின் திசையும் மாறும்.

பாட்டு யாருக்கு, காட்சி என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் டி.எம்.எஸ். ஒலிவாங்கி முன் நிற்பார் என்பது எல்லோரும் சொல்லும் செய்தி. அதன் அருமை, அன்றைய பதிவு முறையை நினைத்தால் இன்னும் விளங்கும். பாடகரும் முழு வாத்தியக் குழுவும் ஒரே கூடத்தில், ஒரே நேரத்தில். கடைசிச் சரணத்தில் ஒருவர் தப்பு விட்டாலும் எல்லோரும் பல்லவியிலிருந்து தொடங்க வேண்டும். வரிவரியாக வெட்டி ஒட்டும் வசதி கிடையாது. நான்கு நிமிடமும் ஒரு பாத்திரத்தை அப்படியே தாங்கிப் பிடிக்க வேண்டும்.

ஒரே ஆண்டு, ஒரே இசையமைப்பாளர்கள்

சோதித்துப் பார்க்க நல்ல இணை 1964-இல் இருக்கிறது. 'புதிய பறவை' படத்தில் சிவாஜிக்கு 'எங்கே நிம்மதி'. 'தெய்வத்தாய்' படத்தில் எம்.ஜி.ஆருக்கு 'மூன்றெழுத்தில் என் மூச்சிருக்கும்'. இரண்டுக்கும் இசை விஸ்வநாதன் - ராமமூர்த்தி. முதல் பாட்டை எழுதியவர் கண்ணதாசன், இரண்டாவது வாலி. பாடகரின் வயது, தொண்டையின் நிலை, இசையமைப்பாளர்களின் பாணி எல்லாம் ஏறக்குறைய ஒன்றே என்பதால், வித்தியாசம் எங்கே கேட்கிறதோ அது வேண்டுமென்றே செய்தது என்று எடுத்துக்கொள்ளலாம்.

முதல் பாட்டில் குற்ற உணர்வு தின்னும் ஒரு மனிதன். 'எங்கே' என்பது ஒரு முறை கேள்வியாக விழுகிறது, இன்னொரு முறை கூப்பாடாக. 'நிம்மதி'யில் உள்ள 'ம்ம' அழுந்தி வருகிறது. பெரிய வாத்தியக் குழு மோதி எழும்ப, அதற்கு மேலேறிப் போகிறார். பிறகு கிட்டத்தட்டப் பேச்சளவுக்கு இறங்குகிறார்.

இரண்டாவது பாட்டில் இந்த ஏற்ற இறக்கம் எதுவும் இல்லை. தாளம் சீராக நடக்கிறது, குரல் அதன் மேல் சிரித்த முகத்தோடு போகிறது. மூன்றெழுத்து என்பது பாட்டுக்குள் 'கடமை' என்று அவிழும். ஆனால் எம்.ஜி.ஆர். அப்போது தி.மு.க.வில் இருந்தார், மூன்றெழுத்து என்றதும் அரங்கில் கை தட்டியவர்கள் எதை நினைத்தார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த இரட்டைப் பொருள் ரசிகரிடம் போய்ச் சேர, வார்த்தை தெளிவாக விழ வேண்டும், உணர்ச்சி குறுக்கே வரக் கூடாது. டி.எம்.எஸ். அதைச் சரியாகப் புரிந்துகொண்டு உணர்ச்சியை ஒதுக்கி வைத்திருக்கிறார். உருக்கமாகப் பாடத் தெரிந்தவர் உருக்கத்தைத் தள்ளிவைப்பது லேசான காரியமில்லை. அவருடைய திறமையில் நான் மிக மதிப்பது இதைத்தான்.

அடுத்த ஆண்டு 'திருவிளையாடல்' வந்தது. கர்வம் பிடித்த ஹேமநாத பாகவதராக வரும் டி.எஸ். பாலையாவுக்குப் பாலமுரளிகிருஷ்ணா பாட, அவரை வெல்ல வரும் சிவனாக நடித்த சிவாஜிக்கு டி.எம்.எஸ். கௌரிமனோகரி ராகத்தில் 'பாட்டும் நானே' பாடினார். கர்நாடக உலகின் பெரிய வித்வானை எதிரில் வைத்துக் கதைப்படி ஜெயிக்க வேண்டிய பாட்டு. கே.வி. மகாதேவன் அந்தப் பொறுப்பை நம்பிக் கொடுத்ததே அன்று அவர் எந்த இடத்தில் இருந்தார் என்பதற்குச் சாட்சி.

'முத்தைத்தரு' ஏன் அவ்வளவு கடினம்?

அவர் தமக்கே பாடி நடித்த படங்களும் உண்டு: 'பட்டினத்தார்' (1962), 'அருணகிரிநாதர்' (1964). இரண்டாவதில் வரும் 'முத்தைத்தரு பத்தித் திருநகை' என்ற திருப்புகழைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

திருப்புகழ் சந்தப் பாட்டு. சந்தம் என்றால் ஒவ்வொரு எழுத்தும் எந்த இடத்தில் குறில், எங்கே ஒற்று என்று வகுத்துப் போட்ட அச்சு. இந்தப் பாட்டின் சந்தம் 'தத்தத்தன தத்தத் தனதன' என்று போகும். அடிக்கடி இரட்டை ஒற்று வருவதைக் கவனியுங்கள். ஒவ்வொரு 'த்த'விலும் நாக்கு பல்லில் முட்டி, காற்று நிற்கிறது. காற்று நின்றால் சுரமும் நிற்கும். அடிக்கு அடி எழுத்துகள் இப்படியே ஓடினால், சுருதி தளராமல் பாடுவது பெரும்பாடு. மூச்செடுக்க இடம் 'தனதான' என்று முடியும் தொங்கலில் மட்டும்தான் சௌகரியமாகக் கிடைக்கும்.

மெல்லிய குரலால் இதைப் பாடினால் எழுத்து மழுங்கிவிடும். டி.எம்.எஸ்ஸின் குரலில் ஒற்று கல்வெட்டுப் போல நிற்கிறது. வீட்டில் சௌராஷ்டிரம் பேசி வளர்ந்தவர், தமிழ் ஒற்றெழுத்தை இப்படி ஆண்டிருக்கிறார். இன்று பள்ளி விழாவில் ஒரு குழந்தை இந்தத் திருப்புகழைப் பாடினால், அது பாடுவது பெரும்பாலும் டி.ஆர். பாப்பா மெட்டில், டி.எம்.எஸ். நிறுத்திய இடத்தில் நிறுத்தி.

வாய்ப்பு ஏன் குறைந்தது?

"புதியவர்கள் வந்தார்கள், பழையவர் ஒதுங்கினார்" என்று சொல்லிவிடலாம். அது எதையும் விளக்காது. ஒன்றன் மேல் ஒன்றாக நடந்தவை இவை:

1. ஒலிவாங்கி மென்மையை விரும்பத் தொடங்கியது. 1950-களில் பாட்டு கேட்ட இடம் டூரிங் டாக்கீஸ், கல்யாண வீட்டுக் கூம்பு ஒலிபெருக்கி. கூம்பு ஒலிபெருக்கி அடித்தொனியையும் மிக மேல்தொனியையும் விழுங்கிவிட்டு நடுப்பகுதியை மட்டும் கத்தும். டி.எம்.எஸ். குரலின் பலமே அந்த நடுப்பகுதிதான். நல்ல ஒலிவாங்கியும் டேப்பும் வீட்டு ரேடியோவும் பரவியபோது, காதருகில் முணுமுணுக்கும் குரலுக்கும் இடம் கிடைத்தது.

2. 1969. 'அடிமைப் பெண்' படத்தில் எம்.ஜி.ஆருக்கு எஸ்.பி. பாலசுப்ரமணியம் பாடினார். எம்.ஜி.ஆர். முகத்தில் வேறு குரலும் பொருந்தும் என்று அன்று ரசிகர் ஏற்றுக்கொண்டார். அதே ஆண்டு வந்த இந்திப் படம் 'ஆராதனா'வின் பாட்டுகள் தமிழ்நாட்டு இளைஞர் ரசனையை அசைத்தன. பிறகு எம்.ஜி.ஆருக்கு ஜேசுதாஸும் பாடினார்.

3. 1976. 'அன்னக்கிளி'யோடு இளையராஜா வந்தார். டி.எம்.எஸ். அந்தப் படத்திலும் பாடினார். 'பைரவி'யில் (1978) ரஜினிகாந்துக்கும் பாடினார். ஆனால் புதிய படங்களின் நாயகன் பக்கத்து வீட்டுப் பையன். அவனுக்குக் கம்பீரம் தேவைப்படவில்லை.

4. 1977. எம்.ஜி.ஆர். முதலமைச்சர் ஆனார். நடிப்பு முடிந்தது. டி.எம்.எஸ்ஸின் தொழிலில் பாதி, ஒரு தேர்தல் முடிவோடு போனது.

நான்காவதுதான் தீர்மானமானது என்பது என் கருத்து. அதற்கு ஆதாரம் 'ஒரு தலை ராகம்' (1980). புதுமுக நடிகர்கள், புதிய இசையமைப்பாளர் டி. ராஜேந்தர், டி.எம்.எஸ். பாடிய 'நான் ஒரு ராசியில்லா ராஜா', 'என் கதை முடியும் நேரமிது' இரண்டும் பட்டிதொட்டி எங்கும் ஒலித்தன. குரல் விலைபோகவில்லை என்றால் இது நடந்திருக்காது. ஆனால் அந்த வெற்றியைத் தொடர்ந்து கொண்டுபோக ஒரு நிரந்தர முகம் அவருக்கு இல்லை. சிவாஜியின் பாத்திரங்களும் மாறின. 'முதல் மரியாதை'யில் (1985) சிவாஜிக்குப் பாடியவர் மலேசியா வாசுதேவன்.

இதில் பணக் கணக்கும் உண்டு. அந்தக் காலப் பாடகருக்குப் பாட்டுக்கு ஒரு தொகை, அதோடு சரி. ரேடியோவில் எத்தனை முறை ஒலித்தாலும் பங்கு கிடையாது. பாடகர்கள் ராயல்டி கேட்கச் சட்டத்தில் வழி பிறந்தது 2012 பதிப்புரிமைத் திருத்தத்தில். டி.எம்.எஸ். 2013 மே 25-இல் காலமானார்.

முகம் தேவைப்படாத பாட்டுகள்

அவருடைய பாட்டில் ஒரு பகுதி எந்த நடிகரையும் நம்பி இருக்கவில்லை. 'உள்ளம் உருகுதையா', 'கற்பனை என்றாலும்' போன்ற முருகன் பாடல்கள் தனி இசைத்தட்டாக வந்தவை. தைப்பூசத்துக்கும் கந்த சஷ்டிக்கும் கோயில் ஒலிபெருக்கியில் இவை இல்லாமல் முடியாது. இவற்றைக் கேட்கும்போது "யாருக்குப் பாடியது?" என்ற கேள்வியே எழுவதில்லை. எம்.ஜி.ஆர். நழுவலும் இல்லை, சிவாஜி விம்மலும் இல்லை. அவருடைய சொந்தக் குரல் எது என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது இந்த இசைத்தட்டுகளைத்தான். கணினிக்குப் பழக்குபவர்களும் படப் பாட்டையும் இவற்றையும் ஒன்றாகக் கொட்டினால் கிடைப்பது மூன்று டி.எம்.எஸ்ஸின் சராசரி.

இன்னொன்று, நாம் கவனிக்காமலே ஆயிரம் முறை கேட்டது. மனோன்மணீயம் சுந்தரனாரின் 'நீராரும் கடலுடுத்த' 1970-இல் தமிழ்த்தாய் வாழ்த்தாக அறிவிக்கப்பட்டபோது, எம்.எஸ். விஸ்வநாதன் மோகன ராகத்தில் மெட்டமைக்க, டி.எம்.எஸ்ஸும் பி. சுசீலாவும் பாடிய பதிவே அரை நூற்றாண்டு அரசு விழாக்களில் ஒலித்தது. 2021 டிசம்பரில் அது மாநிலப் பாடலானபோது, இசைத்தட்டைப் போடாமல் பயிற்சி பெற்றவர்களைக் கொண்டு 55 விநாடிகளில் நேரில் பாட வேண்டும் என்று அரசாணை வந்தது. அப்போது சிலர், மெட்டே மாறிவிட்டதோ என்று குழம்பினார்கள். மெட்டு அதேதான், பதிவுக்குப் பதில் நேரில் பாடுபவர்கள் வந்திருக்கிறார்கள். அவர்களும் 'எத்திசையும் புகழ்மணக்க'வில் நீட்டுவதும் 'தமிழணங்கே'யில் அழுத்துவதும் அந்தப் பழைய பதிவைக் கேட்டுப் பழகிய விதத்தில்தான்.

2010-இல் கோவையில் நடந்த செம்மொழி மாநாட்டுக்காக ஏ.ஆர். ரகுமான் பல தலைமுறைப் பாடகர்களை ஒரே பாட்டில் சேர்த்தார். அதில் முதல் குரல் டி.எம்.எஸ்ஸுடையது. அப்போது அவருக்கு வயது 88.